ஒரு சைஸ் பெரிய செருப்பு

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் குட்டியும் சுகம். நீங்கள் சுகமா என்று ஒப்புக்குக் கேட்கப் போவதில்லை. கேட்டால், “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்பீர்கள். போனில் பேச்செடுத்தாலே அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, என் தம்பி கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவன் எதிரில் உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஓட்டைப் பல்லோடு உங்கள் புதுப் படத்தைப் பார்த்து, “அப்பா ரெண்டு கன்னத்துலயும் பன் வெச்சிருக்காரு” என்றாள். மாடி வீட்டு அக்காவும், ஆள் நன்றாகப் பூசினாற்போல ஆகிவிட்டார் என்றார். வெளியூர் பேக்கரி வேலை உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று நானும் அசட்டுத்தனமாகப் பூரித்துப்போனேன்.

போன வாரம் போனில் மூன்று சாமான் கேட்டீர்கள். மூச்சு இளைப்புக்குப் போடும் அந்த வெள்ளை மாத்திரை, ஒரு சைஸ் பெரிய செருப்பு, இன்னொரு தலையணை. மாவுத்தூசி நெஞ்சில் அடைத்துக்கொண்டு படுக்கவே விடவில்லை என்றீர்கள். மாத்திரை வாங்கப் போனால், மருந்துக்கடையில் புதிதாக வந்திருக்கும் பெண் தரமாட்டேன் என்றுவிட்டாள். புதுச் சீட்டு வேண்டுமாம். எரிச்சலோடுதான் நம் பழைய நெஞ்சு டாக்டரிடம் போனேன்.

அவர் நம் பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஸ்டீராய்டும்மா. இளைப்பு அதிகமா இருந்தப்ப கொஞ்ச நாளைக்குன்னு கொடுத்தேன். இன்னுமா சாப்பிடறாரு?” என்றார். ஒரு தடவையாவது பிரஷர், சர்க்கரை பார்த்தாரா என்று கேட்டார். பேச்சை மாற்றத்தான் செருப்பையும் தலையணையையும் பற்றிப் புலம்பினேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த மாத்திரையை வருஷக்கணக்கில் தின்றால் பிரஷரும் சர்க்கரையும் ஏறுமாம். உடம்பில் உப்பும் நீரும் தங்குமாம். முகம் உருண்டையாவதும் அதனால்தானாம். எல்லாப் பாரமும் கடைசியில் இதயத்தின் தலையில்தான் விழுமாம். “மூச்சு வாங்கறதெல்லாம் இளைப்பு இல்லம்மா. இதயம் திணறினாலும் வாங்கும். கால் வீங்கும், படுத்தா மூச்சு முட்டும். பாக்காம நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தள்ளிப் போடாதீங்க” என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. படி ஏறி மூச்சு வாங்கினால் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்று நீங்கள் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிவிட்டு, அணைத்துவிட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்கள் முதலாளிக்குப் போன் செய்தேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. “அவர் மாவு மூட்டை மேல உக்காந்து மூச்சு வாங்கறதப் பாத்தா எங்களுக்கே பயமா இருக்கும்மா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு” என்றார். நல்ல கல்லுதான் நீங்கள்!

இப்போது பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்தாம், இத்தனை வருஷம் பழகிய உடம்பு தாங்காதாம். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அதுவரைக்கும் வேண்டிய மாத்திரையை மட்டும் நம் டாக்டர் எழுதிக் கொடுத்தார், தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே டாக்டர் பார்த்துத்தான் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டுமாம். கடிதத்தைப் படித்து முடித்ததும் தம்பியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முதலாளி லீவு கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் இல்லாத வியாதியையும் கண்டுபிடிப்பார்கள் என்ற உங்கள் பழைய ஜோக் அவனிடம் எடுபடாது. அவன் சிரிக்கிற சாதியே இல்லை.

உங்கள் கட்டிலில் குட்டி குறுக்கே படுத்துத் தூங்குகிறாள். அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். தொலைவில் உங்கள் மூச்சு எப்படிப் போகிறதோ என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறதுங்க.

தலையணை அனுப்பவில்லை. செருப்பு வாங்கிவிட்டேன், உங்கள் பழைய சைஸில். அதையும் அனுப்பவில்லை. வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீக்கம் வடிந்த காலோடு வந்து போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்காகக் காத்திருக்கும்,
குட்டியின் அம்மா