டீ அம்மாவோட கடைசி அத்தியாயம்

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுறேன். நீ நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லுவ, நானும் சரின்னு தலையாட்டணும். அந்த விளையாட்டு அலுத்துப்போச்சு. இங்க அம்மாவுக்கு முட்டி வலி, எனக்கு முதுகு வலி. பின்பக்கக் குழாய் இன்னும் ஒழுகுது. மத்தபடி உயிரோட இருக்கோம்.

போன் இருக்கறப்ப எதுக்கு லெட்டர்னு நினைப்ப. போன்ல நான் எதாவது கேட்டா உனக்கு உடனே டியூட்டிக்கு நேரமாயிடுது. லெட்டரை அப்படிப் பாதியில வைக்க முடியாதுல்ல. கூடவே ஒரு பொட்டலமும் வருது. லெட்டரைப் படிச்சு முடிச்சுட்டுப் பிரி. இந்நேரம் பிரிச்சிருப்ப, தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை கேட்டியே, நீ யாரைடி அதிகமாப் படிக்கிற, பேரு சொல்லு, நான் வாங்கிப் படிக்கிறேன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ரெண்டாவது வருஷம் காலேஜை விட்டுட்டு வந்து நின்னப்ப, புத்தகத்தைக் கண்டாலே இவளுக்குக் காய்ச்சல் வரும்னு சொன்னது நீதான். அதுக்காக மழுப்பலக்கா. அன்னிக்குப் பேரு எனக்கே தெரியாது.

பேப்பர் மில்லுல வேலைன்னு சொல்லியிருக்கேன், என்ன வேலைன்னு நீயும் கேட்டதில்ல. விக்காத புத்தகமெல்லாம் லாரியில வரும். அதை ஊற வச்சுக் கூழாக்கி முட்டை அடுக்குற அட்டை செய்றாங்க. ஆனா புத்தகத்தோட மேலட்டையில பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அது கரையாது, மெஷின்ல போய் மாட்டிக்கும். அதனால ஒவ்வொரு புத்தகமா எடுத்து அட்டையை உரிக்கணும். கோழி உரிக்கிற மாதிரிதான். முன்னட்டையோட முதல் பக்கமும் ஒட்டிட்டு வந்துடும், பின்னட்டையோட கடைசி ஒண்ணு ரெண்டு பக்கமும் போயிடும். எழுதினவங்க பேரு, போட்டோ, வாங்கின பரிசு, எல்லாம் ஒரே இழுவையில குப்பைக்கு. கையில மிஞ்சுறது கதை மட்டும்தான்.

அதனால நானே பேரு வச்சுக்கிட்டேன். முதல்ல கிடைச்சவர் கோவக்காரர். அவரை நான் தேடிப் போகல, அவர்தான் என்மேல வந்து ஒட்டினார். சேந்த புதுசுல ஒருநாள் கை கழுவப் போனா, முழங்கையில ஈரத்தோட ஒரு துண்டுக் காகிதம். கண்ணாடி முன்னாடி நின்னு படிச்சேன். படிப்பை விட்டவனிடம், முதலில் ஏன் சேர்ந்தாய் என்று யாரும் கேட்பதில்லைன்னு இருந்துச்சு. யாருடா இது, நம்ம வீட்டுக்குள்ள நடந்ததை எழுதினவன்னு திரும்பிப் போய் அந்தப் பண்டலையே கிளறினேன். சூப்பர்வைசரை நாங்க விசில்னுதான் சொல்லுவோம், வாயைத் திறந்து பேசவே மாட்டார். அன்னிக்கு என்னைப் பாத்து மூணு தடவை ஊதினார்.

அடுத்தவர் வானிலை. அவர் கதையில யாரும் எதுவும் பண்ண மாட்டாங்க, வானம் மட்டும் கறுக்கும், வெளுக்கும். மின்சாரம் போய், புத்தகம் ஓடி வர்ற பெல்ட் நின்ன நேரத்துல வேற எதுவும் கைக்கு எட்டாம எடுத்தேன். இப்ப அவர் இல்லாம எனக்குத் தூக்கம் வர்றதில்ல. இதைப் பாராட்டாத்தான் சொல்றேன்.

பக்கத்துல பண்டல் கட்டுறவங்க என்னை வாத்தியாரம்மான்னுதான் கூப்பிடுறாங்க. பரிட்சைக்கு ஒரு பக்கம் புரட்டாத மகராசி, இப்ப முட்டை அட்டையை உக்காந்து படிக்கிறான்னு சாப்பாட்டு நேரத்துல ஒரே கேலி. கேலி பண்ணிட்டு, அப்புறம் என்னாச்சு சொல்லுன்னு அவங்களே கேப்பாங்க.

அதிகமாப் படிச்சது டீ அம்மாவைத்தான். அவங்க கதையைத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உனக்குப் போன்ல சொன்னேனே. தெரியாத ஊர்ல மாடி ரூம்ல தனியா இருக்கிறா ஒருத்தி. எல்லா அத்தியாயத்துலயும் டீ போடுறா, எதையோ யோசிக்கிறா, டீ ஆறிப்போகுது. புருஷன் எங்கன்னு கேட்டா வேலை விஷயமா வெளியூர்னு எல்லார்கிட்டயும் சொல்றா. கடைசியில ஒரு மழையில பஸ்ஸை விட்டு இறங்கறா. கம்பி உடைஞ்ச குடையோட தங்கச்சி நிக்கிறா. பெட்டியை வாங்கிக்கிறா, ரெண்டு பேரும் நடக்குறாங்க. அவ்வளவுதான் கதை.

அதைச் சொல்லி முடிச்சதும் நீ டியூட்டிக்கு ஓடல. கேட்ட, "அந்தத் தங்கச்சி எதுவும் கேக்கலையா?" இல்லக்கான்னேன். "ஒண்ணுமே கேக்கலையா?"ன்னு மறுபடியும் கேட்ட. அதுக்கப்புறம்தான் எழுதினவங்க பேரைக் கேட்ட.

அக்கா, உன் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுல உன் செருப்பு மட்டும் இருக்கிறதை வீடியோவுல பாத்து நாலஞ்சு மாசமாச்சு. மாமாவுக்கு வேலை மாத்தல்னு நீ சொன்னதை அம்மா நம்பிட்டாங்க. நான் நம்பின மாதிரி இருந்தேன். இதுக்கு மேல அதைப் பத்தி எழுதல.

பேரைக் கண்டுபிடிக்கணும்னு வேலை முடிஞ்சு ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். மில்லு நாத்தத்தோட உள்ள வந்தவளைப் பாத்துக் கடைக்காரர் மூக்கைச் சுளிச்சார். டீ ஆறிப்போற கதை வேணும்னேன். சூடா எதிர்க் கடையில கிடைக்கும்னுட்டார். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, கோவப்பட முடியல.

இந்த வாரம் அந்தப் புத்தகமே வந்துச்சு. உரிக்காத பண்டல், அட்டையோட. அட்டையில டீ கப் இல்ல, ஒரு ஜன்னல்தான் இருக்கு. கதை தொடங்குற பக்கத்தைப் பாத்ததும் அதுதான்னு தெரிஞ்சுபோச்சு. நேரா கடைசிக்குப் போனேன், மழையைத் தேடி. மழையைக் காணோம். பஸ்ஸைக் காணோம். குடையும் இல்ல, தங்கச்சியும் இல்ல.

என்ன நடந்திருக்குன்னா, உரிச்சுப் போட்ட குவியல்ல இந்தக் கதையோட பின்பகுதி பிஞ்சு போயிருக்கு. பக்கத்துல கிடந்த வேற எதோ கதையோட வால் பசை ஈரத்துல இதோட ஒட்டிக்கிச்சு. ரெண்டுலயும் அவளுக்குப் பேரு கிடையாது, அவள் அவள்னே இருக்கும். பக்க எண் எகிறினதைப் பாத்தேன், நடுவுல கிழிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். திடீர்னு ஒரு தங்கச்சி எங்கருந்து வந்தான்னு தோணத்தான் செஞ்சுது. முன்னாடி சொல்ல மறந்திருப்பாங்கன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். வேற யாராவது இப்படி ஒட்டுப்போட்ட கதையை நம்பி மாசக்கணக்காச் சொல்லுவாங்களா?

நிஜ முடிவுல அவ அந்த ரூமுக்கு இன்னொரு வருஷ வாடகைக்குக் கையெழுத்துப் போடுறா. டீயைச் சூடா, நின்னபடியே குடிச்சு முடிக்கிறா. கப்பைக் கழுவிக் கவுத்துறா. முடிஞ்சுது. நல்லா எழுதியிருக்காங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. விசில் ஊதற வரைக்கும் அதைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன்.

அவங்க பேரு இப்ப எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். திட்டிக்கோ. நீ போய் அந்தப் புத்தகத்தை வாங்கி, அந்த ஊர்ல, அந்த ரூம்ல உக்காந்து அந்தக் கடைசிப் பக்கத்தைப் படிக்க வேணாம். கோவக்காரர் பேரும் தேடித் தரேன், வானிலை பேரும் தேடித் தரேன். இது மட்டும் கேக்காத.

பொட்டலத்துல இருக்கிறது என்னோடது. அட்டை இல்லாம, ரப்பர் பேண்டு போட்டு. பாதி ஒருத்தர் எழுதினது, மீதி யார் எழுதினதுன்னு எனக்கும் தெரியாது. நீ இதையே படி.

வேலையை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்க மாசக் கடைசியில கையெழுத்துப் போடப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னியாம். முதியோர் இல்லத்துல உன்னை விட்டா அவங்களுக்கு ஆள் கிடைக்காதுன்னு அம்மா பெருமையாத்தான் சொன்னாங்க. சொல்லிட்டு, உன் கட்டில்மேல துவைச்ச துணியைக் குவிச்சு வச்சுட்டுப் போனாங்க. அந்தத் துணியையெல்லாம் நேத்து எடுத்துட்டேன். எங்க வைக்கிறதுன்னு கத்தினாங்க, என் தலையில வைங்கன்னு சொன்னேன்.

கை ஓஞ்சுபோச்சு, உரிச்சு உரிச்சு விரல் நுனியெல்லாம் எரியுது. முடிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. வர்ற நாளை மட்டும் சொல்லு, பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். கேள்வியெல்லாம் அம்மா கேப்பாங்க, அவங்களை நான் பாத்துக்கிறேன்.

நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்க்கா.

இப்படிக்கு,
உன் வாலு