சூசை வருவதற்குள் அலமாரிக் கதவு

அக். 22, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் புடவை முழங்கால் வரை ஈரம்.

வீட்டுக்காரர் சூசைக்குப் புண் ஆறி வருகிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்தப் பக்கம் பார்க்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. சனிக்கிழமை அனுப்பிவிடுவோம் என்றார் டாக்டர். சந்தோஷப்படக்கூட விடாமல் சூ. ஆரம்பித்தார்.

"நீ சட்ட எடுத்துக் குடுத்து மாட்டிவிடணும்னா நான் வீட்டுக்கு வரல. ஏதாச்சும் ஹோம்ல போட்டுரு."

லாரி ஓட்டியே காலத்தைக் கழித்த மனுஷன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், அலமாரியை மாற்றி வைக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் அளந்து பார்த்தேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் சக்கர நாற்காலி நுழையும். ஆனால் அலமாரிக் கதவு வெளியே திறந்தால் நாற்காலியில் இடிக்கும். பக்கவாட்டில் தள்ளுகிற கதவுதான் போட வேண்டும்.

அக். 23, புதன்

வெயில். வாங்க: சீனி இல்லாத பிஸ்கட், கட்டுத் துணி, பூனைக்கு மீன்.

லகாட்டில் இருக்கும் தச்சு ஆசாரி ராயப்பனுக்குப் போன். தீபாவளிக்கு ஊரே வீட்டைப் புதுப்பிக்கிறதாம், அடுத்த மாசம் பார்க்கலாமாம். காரணத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு வாரேன் அக்கா. துணியெல்லாம் எடுத்து வெச்சிருங்க லா."

காம்பாரிலிருந்து மகள் ஸ்டெல்லா பேசினாள். கதவுக்கு எதற்கு வீண் செலவு, அப்பா கேட்டால் எடுத்துக் கொடுத்தால் போகிறது என்றாள். அடுத்தவரிடம் கேட்கத்தானே அவரால் முடியவில்லை. எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

அக். 24, வியாழன்

ராயப்பன் வரவில்லை. கடையில் பலகை இல்லையாம். கட்டில் முழுக்கத் துணி. ஹாலில் படுக்கை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதவு ஆயிற்றா என்று மட்டும் சூ. கேட்டார். ஆகிவிட்டது என்றேன். பச்சைப் பொய்.

அக். 25, வெள்ளி

ராயப்பன் வந்துவிட்டார். மதியத்துக்குள் பழைய கதவு கழன்றது, புதுசு ஏறியது. அப்புறம்தான் தலைவலி. பழைய வீடு, தரை சாய்வு. திறந்து வைத்தால் கதவு தானாக ஓடிப்போய் மூடிக்கொள்கிறது. உருளையை ஏற்றி இறக்கி, மனுஷன் வியர்த்துக் கொட்டி, கடைசியில் நின்றது.

நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே தள்ளிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. சட்டையை எடுக்கக் கை நீட்டினேன், எட்டவில்லை. கதவு, கதவு என்று அலைந்தவளுக்கு, சட்டை மாட்டும் கம்பி உயரத்தில் இருப்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. கிளம்பப் போன ராயப்பனை மறித்தேன். முணுமுணுத்துக்கொண்டே சூ. பக்கத்துக் கம்பியை இறக்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

அக். 26, சனி

ஸ்டெல்லா காரில் அழைத்து வந்தாள். சூ. அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். தொடவில்லை. வந்த சட்டையோடு படுத்துவிட்டார்.

மாற்றுச் சட்டை எடுக்கப்போன ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அப்பா வேர்வையில கெடக்காரு, நீங்க கதவப் பாக்குறீங்க" என்றாள். கோபத்தோடு காம்பார் கிளம்பிப் போனாள். அவள் சொன்னதுதான் சரியோ என்று பயம். மாத்திரை, கஞ்சி.

அக். 27, ஞாயிறு

மூட்டம். மாதா கோயில் பூசைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அறையைச் சாத்தும் சத்தம். அலமாரிக் கதவு ஓடும் சத்தம். நின்றது. மறுபடி ஓடியது. ஏதோ விழுந்தது. ஓடிப்போய் அறைக் கதவில் கை வைத்தேன். தட்டவில்லை. தேத்தண்ணி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். நீலச் சட்டை. பொத்தான் ஒன்று மாறி, ஒரு பக்கம் ஏறி இருந்தது. மடியில் என் புடவை.

"ஒனக்கும் எடுத்தேன். சீக்கிரம் கட்டு, நேரமாச்சு."

என் பக்கத்துக் கம்பி இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது. அவர் கைக்கு எட்டியது கீழ்த்தட்டில் கிடந்த வீட்டுப் புடவை. வெளுத்தது, ஓரம் கிழிந்தது. கோயிலுக்குக் கட்டுகிற புடவையா அது.

கட்டிக்கொண்டு போனேன்.