தட்டின் ஓரத்து ஈரல்

இன்று காலை பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையில் புளி வாடை ஏறியதும் மும்பை சீத்தா கேம்ப்பில் உம் வீட்டு மீன் சட்டி ஞாபகம் வந்தது. நீர் போய் எட்டு மாதம். அழுகை ஒன்றும் வரவில்லை. விளக்கைக் கழுவித் துடைத்து வைத்தேன்.

ஞாயிறு காலையில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, கடல் ஓதம் ஏறும் நேரம் பார்த்துக் கழிமுகத்தில் வலை வீசுவீர். பை பிடிப்பது நான். ஒருதரம் பையோடு இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டேன். "மீன விட்டுராதேயும்வே, உம்ம பெறவு தூக்கிக்கிடலாம்" என்றீர். விழுவதெல்லாம் மடவை. சேற்றை மேய்ந்தே கொழுக்கும் மீன்.

என் மகள் கல்லூரியில் அந்த மீனையே அறுத்துப் பார்க்கும் படிப்பில் சேர்ந்தாள். கழிவுத் தண்ணீரில் வரும் ஈயமும் காட்மியமும் பாதரசமும் சேற்றில் படிகிறதாம். அங்கிருந்து மீனுக்குள் போகிறதாம். "செவுள மைக்ராஸ்கோப்ல பாத்தேன்பா, கிழிஞ்ச துணி மாதிரி இருக்கு. ஈரல்லதான் ரொம்ப சேருது. மாமாவ அத சாப்பிட வேணாம்னு சொல்லுங்க."

சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்தாவதை இரண்டாம் தடவையில் பாஸ் செய்தவன் நான். நம் இருவரில் படித்தவன் என்ற பட்டம் எனக்குத்தான். "அப்பம் என்னவே செய்ய, பத்தாங்கிளாஸு?" என்று என் முகத்தையே பார்த்தீர். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"பித்தளையில உள்ள களிம்பையே புளி எடுக்குல்லா? மீனக் கெட்டிப் புளியில அரைமணி நேரம் ஊறப்போடும். எல்லாம் எறங்கிரும்."

உம் வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா, படிச்சவன் படிச்சவன்தான்" என்றீர். அன்று முதல் உம் வீட்டு மீன் புளியில் குளித்துவிட்டுத்தான் சட்டிக்குள் போயிற்று.

இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அரே அப்பா, மேல ஒட்டியிருக்கறதத்தான் புளி எடுக்கும். சதைக்குள்ள போனத எப்படி எடுக்கும்?"

அதன்பிறகு ஆறு ஞாயிறு வந்தேன். செம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்வேன். கதவைத் திறந்ததும் "வாரும்வே டாக்டரு" என்பீர். அவ்வளவுதான், மறந்துபோகும். மறக்கவில்லை, சொல்லவில்லை.

ஆறாவது ஞாயிறு வழக்கம்போல ஈரலை எனக்கு வைத்தீர். முள்ளோடு சேர்த்துத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"என்னவே, ஈரல ஒதுக்குதீரு?"

"வயிறு சரியில்ல."

"ருசி தெரியாத ஆளுய்யா நீரு" என்று எடுத்து உம் வாயில் போட்டுக்கொண்டீர். நான் தண்ணீர் குடித்தேன்.

பிறகு உமக்குக் கால் வீங்கியது. கிட்னி என்றார்கள். பல வருஷத்துச் சர்க்கரை என்றார் டாக்டர். மீனைப் பற்றி அவர் கேட்கவுமில்லை. எல்லாம் முடிந்தபின் மகளிடம் கேட்டேன். "மீனாலதான்னு சொல்ல முடியாதுப்பா. இல்லன்னும் சொல்ல முடியாது." சரி என்று பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனேன்.

போன ஞாயிறு உம் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களையில் மடவை புளித்தண்ணீரில் கிடந்தது. "நீங்க சொன்னதுதான் அண்ணாச்சி, அவுக போன பெறவும் விடல" என்றார் உம் வீட்டம்மா.

"புளியில அது போவாது, தங்கச்சி. தெரியாமச் சொன்னேன். தெரிஞ்ச பெறவும் சொல்லல."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"இல்ல."

மீனை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டார். புளித்தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். அப்புறம் தட்டை எடுத்து வைத்தார். "ரசம் இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டேன். இப்போதெல்லாம் எங்கே சாப்பிட்டாலும் தட்டின் அந்த ஓரத்தில் எதையும் ஒதுக்குவதில்லை. கறிவேப்பிலையைக்கூட விழுங்கிவிடுகிறேன்.