கார்டு போடவா என்று கேட்டவளுக்கு

இன்று காலை நாளிதழைப் பிரித்ததும் மடியில் நான்கு நோட்டீஸ்கள் விழுந்தன. மை வாசனை இன்னும் போகவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் நாம் குழந்தைகள் துணிக்கடை போட்ட புதிதில் நானும் இப்படித்தான் நோட்டீஸ் அடித்தேன். அது போதாதென்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சாணார்பட்டிப் பக்கம் ஊர் ஊராகக் கத்தினேன். ஒரு தெருவில் பந்தலைப் பார்த்துக் கல்யாண வீடு என்று நினைத்து அங்கேயே நிறுத்தி, "கவுன் எடுத்தா கர்ச்சீப் இலவசம்" என்றேன். உள்ளிருந்து ஓர் அம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "செத்த நேரம் சும்மா இருங்கய்யா. உள்ள எம்புள்ள செத்துக் கெடக்குறா."

கடைக்குத் திரும்பி உன்னிடம் சொன்னபோது நீ திட்டவில்லை. "கத்தவான்னு அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாய், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து துணி எடுக்க வந்தவர்களிடம், "புதுசு வந்தா ஒரு கார்டு போடவா?" என்று கேட்க ஆரம்பித்தாய். சரி என்றவர்களின் விலாசத்தையும் பிள்ளையின் வயதையும் நோட்டில் எழுதிக்கொண்டாய். வேண்டாம் என்றவர்களிடம் சிரித்தபடி பையைக் கொடுத்து அனுப்பினாய்.

"இம்புட்டுப் பேருக்கு எழுதிக்கிட்டு எப்ப யாவாரம் பாக்குறது?" என்று கேலி செய்தேன்.

அந்தத் தீபாவளிக்குக் கன்னிவாடியிலிருந்து ஒருவர் உன் கார்டைக் கையில் பிடித்தபடி வந்தார். "எம்மகளுக்கு ஏழு வயசாச்சுன்னு நீங்க எழுதித்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு." அவருக்குப் பின்னால் பலர் வந்தார்கள். அடுத்த வருஷம் ஆட்டோவை நிறுத்திவிட்டேன்.

செல்போன் வந்த பிறகு நோட்டில் இருந்தவர்களிடம் நீ மறுபடியும் கேட்டாய். "அதான் முன்னமே சரின்னுட்டாகளே" என்றேன்.

"கார்டுக்குத்தான் சரின்னாக. போனுக்கு இன்னும் சொல்லலையே."

எனக்குப் பொறுமை இல்லை. யாரிடமோ வாங்கிய நம்பர்களுக்கெல்லாம் ஆடித் தள்ளுபடி என்று மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் போனில் ஒரே வசவு. நீ பகல் முழுவதும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாய். ஒரு கை வயிற்றை அழுத்தியபடியே இருந்தது. பார்த்தேன். என் மேல் உள்ள கோபத்தில்தான் முகம் வாடியிருக்கிறது என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

கொஞ்ச நாளில் உன்னைச் சேர்த்த மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், பல மாதமாக வலி இருந்திருக்கும், ரொம்பக் கடத்திவிட்டீர்கள் என்றார். "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்று உன் கட்டிலருகே அழுதேன்.

"நீங்க கேக்கலையே" என்றாய். குறை சொல்லும் குரலே இல்லை. அதுதான் இன்றுவரை தாங்க முடியவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம்கூடக் கேட்டுக் கேட்டு நடந்தவள் நீ. பக்கத்திலேயே இருந்த உன்னிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ போன பிறகும் கடையை நடத்துகிறேன். கேட்காமல் யாருக்கும் எதுவும் அனுப்புவதில்லை. ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த நம் மகள் போன் செய்தால், உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். "நல்லா இருக்கேம்ப்பா" என்கிறாள். கொஞ்சம் பேசிவிட்டு மறுபடி கேட்கிறேன். "அதான் சொன்னேன்லப்பா" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் வலி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று, அவள் போனை வைக்கும்வரை கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.