நான் சண்டை போடாத தெரு

சிதம்பரம், 12-6-2011, ஞாயிறு
மகள் வெண்மதிக்குக் கடலூரில் வங்கி வேலை. எம்.காம். முடித்த கையோடு. தினமும் பஸ்ஸில் போய்வர முடியாதாம், அங்கேயே தங்கப் போகிறாளாம். தங்கட்டும். கடலூரில் பதினெட்டு வருடம் வாத்தியாராக இருந்தவன் நான். ஏரியாவை நான்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

15-6
மஞ்சக்குப்பம் வேண்டாம். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியைத் தட்டிக்கொண்டு போன வைத்திலிங்கம் அங்கே இருக்கிறார். புதுப்பாளையத்தில் என்னைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர். திருப்பாதிரிப்புலியூர் பேச்சையே எடுக்கக் கூடாது. என் மச்சான் சிங்காரம், லோகநாயகியின் தம்பி, அங்கேதான். வெண்மதி சடங்குக்குத் தாய்மாமன் சீரைத் தானே ஏந்தி வராமல், ஆட்டோவில் ஆள் விட்டு அனுப்பிய பெரிய மனிதர். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

வெண்மதி சொல்கிறாள்: "நீங்க சண்ட போடாத தெருவா பாருங்கப்பா. ஒண்ணாவது இருக்கும்." லோகநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குத் தெரியாதா.

19-6
கிடைத்துவிட்டது. செம்மண்டலத்தைத் தாண்டி, புதிதாக மனை பிரித்த நகர். மாடியில் ஷீட்டுக் கூரை போட்ட அறை. கூட வேலை பார்க்கும் நெல்லிக்குப்பத்துப் பெண் ஜான்சியும் தங்குகிறாள். சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள். ஒரு பயலையும் தெரியாது. நிம்மதி.

7-8, ஞாயிறு
இந்த வாரமும் வெண்மதி வரவில்லை. வேலையாம். ஞாயிற்றுக்கிழமை எந்த வங்கி திறந்திருக்கிறது? லோகநாயகி தலை நிமிராமல் கீரை ஆய்கிறாள்.

30-12
புயல். கடலூரில்தான் கரை கடந்ததாம். போன் போகவில்லை. ஜான்சி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள், திரும்பவில்லை. வெண்மதி தனியாக — அந்த ஷீட்டுக்கு அடியில். நான் பார்த்த கூரை. பஸ் இல்லங்கறான். எப்படிப் போறது?

லோகநாயகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உன் தம்பி பேச்சென்றால் இப்போது வேண்டாம் என்றேன்.

31-12
பாதி தூரம் லாரி, மீதி நடை. கூரை இல்லை. கதவில் பூட்டு. யாரைக் கேட்பது? காலி மனைகளையா? கடலூரில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் நான் பேசாதவர்கள்தான்.

மஞ்சக்குப்பம் போனேன். வாசலில் விழுந்து கிடந்த வேப்பமரத்தைத் தாண்டி வைத்திலிங்கம் வந்தார். "மச்சான் வீட்ல பாத்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். கூடவே நடந்தும் வந்தார்.

சிங்காரத்துக்குத் தலை நரைத்துவிட்டது. "வாங்க மாமா. அவ உள்ள தூங்குறா. வியாழக்கெழம ராத்திரியே போய் இட்டாந்துட்டேன். அதுக்குள்ள போன் செத்துப்போச்சி." பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "குந்துங்க. ஞாயித்துக்கெழமன்னா அவ இதுலதான் குந்தி சாப்புடுவா."

இந்தத் தடவை ஆள் விட்டு அனுப்பவில்லை. அவனே போயிருக்கிறான்.

உட்கார்ந்தேன்.

22-1-2012, ஞாயிறு
புது நகர் வீட்டுக்காரர், கூரை பறந்ததற்கு நாங்கள்தான் காரணம் என்கிறார். அவரோடும் பேச்சு நின்றது. கடலூரில் இனி எனக்கு ஏரியா பாக்கியில்லை.

வெண்மதிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் தளம் போட்ட வீடு. சிங்காரம் பார்த்தது. ஜன்னல் மேற்கே இருக்கிறதாம். சாயந்தர வெயில் நேராக முகத்தில் அடிக்கும், இதுகூடத் தெரியாதா என்று போனில் அவனைப் பிடித்துக்கொண்டேன். சண்டை நெடுநேரம் ஓடியது.

போன் போட்டது நான்தான்.