கடைமடையில் இரண்டு விரல்

இன்று காலை முத்துப்பேட்டைப் பக்கம், உன் வயல் இருந்த கடைமடையில் ஜிபிஎஸ் கருவியை நிறுத்தினேன். உயரம் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் என்று காட்டியது. நீ உயிரோடு இருந்திருந்தால், "அப்ப நாம என்ன மீனாடா?" என்று சிரித்திருப்பாய். கணக்குக்காகப் பூமியை வழவழப்பான உருண்டையாக வைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் ஈர்ப்பு குறைவு. அதனால் உண்மையான கடல்மட்டம் அந்த உருண்டைக்கு அவ்வளவு கீழே கிடக்கிறது. அதற்குத் திருத்த அட்டவணை உண்டு. கூட்டினால் சரியாகிவிடும்.

நாம் செய்ததற்கு அப்படி எதுவும் கிடையாது. நாம் என்பதுகூடத் திமிர்தான். நான் செய்தது.

பாலிடெக்னிக் முடித்த கையோடு ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்திருந்தோம். வாய்க்காலைத் திருத்தி வெட்டுவதற்காக மேலே இருந்த ஒரு மதகிலிருந்து வாய்க்கால் முடியும் கடைமடை வரை உயரம் எடுத்துக்கொண்டு போனோம். நான் லெவல் கருவியில் கண் வைப்பேன். நீ அளவுகோலைப் பிடிப்பாய். கோல் நிற்கும் இரும்புத் தட்டு நம் களிமண்ணில் மெல்ல இறங்கும். அதனால் ஒருமுறை பார்த்துவிட்டு, கருவியை முன்னால் நகர்த்தி, தாமதிக்காமல் மறுபடி பார்த்துவிட வேண்டும். கணக்கைச் சரிபார்க்கப் புறப்பட்ட இடத்துக்கே அளந்துகொண்டு திரும்பி வரும்போது, அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மஸ்கட் விசா பற்றி ஏஜெண்டிடம் கேட்க வேண்டியிருந்தது. அரை மணி நேரம் நீ வரப்பில் கோலோடு நின்றாய்.

புறப்பட்ட இடத்துக்கு வந்தபோது கணக்கு நாலு விரல் இடித்தது.

"தட்டு எறங்கிருச்சுடா. நாளைக்கு மறுபடி ஓட்டிடலாம்," என்றாய்.

"எல்லாப் புள்ளிக்கும் பங்கு போட்டா முடிஞ்சிச்சு," என்று சொல்லி, சரியாக எடுத்திருந்த உயரங்களிலும் பிழையைக் கலந்து கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் எனக்கு விமானம்.

போய்வந்த தூரத்தில் கடைமடை பாதி வழி; பங்கில் பாதிப் பிழை அதற்கு விழுந்து, அங்கே வாய்க்காலின் தரை இரண்டு விரல் மேடாக அமைந்துவிட்டது. மேடு பள்ளமில்லாத இந்த நிலத்தில் தண்ணீர் உன் வயலை எட்டாமல் நின்றுவிட அது போதும். உன் அப்பா காலமெல்லாம் கூலிக்கு நட்ட வயலில் இரண்டு மா நிலம் முதன்முதலாக உங்களுக்குச் சொந்தமாகியிருந்தது. அது அந்தக் கடைமடையில்தான். இப்போது அங்கே யாரோ ஒருவரின் இறால் குட்டை.

இன்று லெவலைக் கொண்டு முறையாக ஓட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு விரல் அப்படியே இருக்கிறது. உன் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியும்ண்ணே," என்றார். "வேற ஆள வச்சு அளந்தா உங்க கையெழுத்து தப்புன்னு ஆயிடும், அங்க உங்க வேலைக்கு ஆபத்துன்னாரு. நீங்க லீவுல வந்ததும் ரெண்டு பேருமா அளந்து நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தாரு. அப்புறம் வித்துட்டோம். இப்ப அளந்து என்னண்ணே?"

மூன்று முறை லீவில் வந்தேன். மூன்று முறையும் உன் வீட்டில் சாப்பிட்டேன். பாலைவனத்தில் எப்படி அளக்கிறோம் என்று நீ கேட்டாய். நான் வாய் ஓயாமல் பேசினேன். வயல் எப்படி இருக்கிறது என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.