ஹாஜியார் தந்த காளான்

ஒக்டோபர் 4, திங்கள்

காலையில் மப்பும் மந்தாரமும். பின்னேரம் வழமைபோல் இடி, மழை. குடை ஒஃபீஸில். நனைந்து வந்து அலவத்துகொடயில் இறங்கினால் வாசலில் ஹாஜியார் (இனி ஹா.), கையில் கண்ணாடிச் சாடி. வீட்டுக்காரர். அவருடைய பின்னறையில்தான் இரண்டு வருடமாக இருக்கிறேன்.

சாடிக்குள் ஏதோ மிதந்தது. தட்டையாக, வழுவழுவென்று, அடியில் பழுப்பு நூல்கள் தொங்க. பாலாடை மாதிரி என்றால் பாலுக்கு அவமானம்.

"தேயிலைக் காளான் தம்பி. ஜப்பான்ல கொம்புச்சாண்டு பேராம். ப்ரெஷர், சீனி வருத்தம், மூட்டு வலி, எல்லாத்துக்கும் மருந்து. இத விக்கவும் படாது, வாங்கவும் படாது. ஆளுக்காள் கொடுக்கத்தான். தாய் எங்கட வீட்டுல ஈக்கு. இது குட்டி. எண்ட தாய் பழுதாப் போனா ஒங்கள்ட்ட வந்து கேப்பன்."

எனக்கு ப்ரெஷரும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் பின்னால் அனெக்ஸ் தெரிந்தது. இரண்டு அறை, குசினி, தனிக் கிணறு. பூட்டிக் கிடக்கிறது. என் மனைவி பவானியும் பிள்ளையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் அங்கேதான் இருத்த வேண்டும். கேட்டு ஒரு மாதம். "பாப்பம் தம்பி" என்கிறார்.

இரண்டு கையாலும் வாங்கினேன். பெரிய சிரிப்பு வேறு. சீ.

ஒக்டோபர் 5, செவ்வாய்

முன்னேரம் வெயில். ஹா. சொன்னபடி செய்தது:

தண்ணீர் கொதிக்க வைத்தல். தேயிலைத் தூள் இரண்டு கரண்டி. சீனி ஒரு கோப்பை, தட்டிப் போட. (ஒரு கோப்பை! பாயாசத்துக்கே இவ்வளவு போடுவதில்லை.) நன்றாக ஆற வேண்டும், சூட்டில் விட்டால் செத்துப்போகுமாம். பிறகு அதைக் கையால் தூக்கி உள்ளே விட வேண்டும்.

கையால். கரண்டி படக்கூடாதாம். தூக்கினேன். குளிர்ந்த இறைச்சி. பிறந்த நாள் முதல் மச்சம் மாமிசம் தொடாத கை. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் இரவுச் சாப்பாட்டில் அந்த வாடை.

சாடி வாயில் துணி கட்டி அலுமாரிக்குள், என் சேட்டுகளுக்குப் பக்கத்தில். வெளிச்சம் ஆகாதாம். மகாராசாவுக்கு.

ஒக்டோபர் 8, வெள்ளி

ஒஃபீஸுக்கு ஒரு பெடியன் வந்தான். கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து வந்தவன், பவானியின் ஊர். அவள் சொல்லிவிட்டது: வெளியே வர இயக்கத்தின் பாஸ் கிடைத்துவிட்டது. வீடு சரி என்று அறிவித்தால் வெளிக்கிடுவாள். அறிவிக்காவிட்டாலும் இந்த மாத முடிவில் வெளிக்கிடுவாள். அதுதான் பவானி.

அங்கே என்ன இல்லை என்று கேட்டேன். சிரித்தான். "என்ன இருக்கெண்டு கேளுங்கோ அண்ணை, கெதியாச் சொல்லி முடிச்சிடுவன்." சவர்க்காரம், பற்றரி, மண்ணெண்ணெய், சீனி, மெழுகுதிரி எல்லாம் அரசாங்கத் தடை. பிள்ளை மெலிந்துவிட்டாளாம். சுதாவுக்கு இப்போது பதினொன்று. கடைசியாகப் பார்த்தபோது ஒன்பது.

பின்னேரம் டவுனில் இரண்டு வீடு பார்த்தது. முதல் வீட்டில் ஊர் பெயர் கேட்டதும் கதவு பாதி. இரண்டாவது வீட்டு அம்மா நல்லவர். "எங்களுக்குப் பயம், பொலிஸ் வந்து வந்து கேட்கும்" என்று நேரே சொன்னார். தேத்தண்ணீர் தந்து அனுப்பினார்.

ஆக, அனெக்ஸ்தான். அனெக்ஸ் இல்லாவிட்டால் கையில் பெட்டியோடு வரும் இரண்டு பேரையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒக்டோபர் 11, திங்கள்

மழை. அலுமாரியைத் திறந்தால் புளிச்ச நாற்றம். நல்ல வெள்ளை சேட் இரண்டிலும் ஏறிவிட்டது. சாடியின் மேலே புதிதாக ஒரு சவ்வு. குட்டி, குட்டி போட்டிருக்கிறது!

ஹா. வாசலில்: "குடிச்சு முடிச்சீங்களா? மௌலவிட்ட கேட்டுட்டன். ஒரு கிழமைக்குள்ள குடிச்சா குத்தமில்லயாம். கூட வச்சா வெறி ஏறிப் போகும், ஹராம். எங்கட வளவுக்குள்ள அது ஈக்கப்படாது."

அதாவது கிழமைக்குக் கிழமை சாடி காலியாக வேண்டும். காலியாகிறதா என்று அவர் பார்ப்பார்.

தம்ளரில் ஊற்றினேன். கண்ணை மூடி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். உதட்டில் ஒரு நூல் ஒட்டியது. ஓடிப்போய்ப் பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானில் துப்பினேன். மிச்சம் முழுவதையும் அதே கானுக்குள் ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு போனது.

"எப்பிடி தம்பி?"

"நல்லாயிருக்கு ஹாஜியார். உடம்பு லேசா இருக்கு."

உடம்பு லேசாம். சொன்ன வாயைக் கழுவ வேண்டும். உடனே அடுத்த தரத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். சீனி ஒரு கோப்பை.

ஒக்டோபர் 16, சனி

வெயில். உடுப்புத் தோய்த்தது. தலைமயிர் வெட்டினது. இரண்டாவது தரம் போட்ட காளான் தண்ணீரும் கானுக்குள். சின்ன ஈக்கள் துணியைச் சுற்றி மொய்க்கின்றன. அறைக்குள் வந்தாலே யன்னலைத் திறக்க ஓடுகிறேன். சாடியில் பிடிவாதமாக அது, இப்போது தோசைக்கல் தடிப்பில்.

மத்தியானம் ஹா. கூப்பிட்டார். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"தம்பி, குறை நெனைக்க வேணாம். தெல்தெனியால ஈக்கிற எண்ட மருமவன், தங்கச்சிட மவன், அனெக்ஸைக் கேக்குறான். சொந்தம். மாட்டேண்டு சொல்லேலாதே."

"சரி ஹாஜியார். சொந்தம்தானே பெரிசு."

இதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு அறைக்கு வந்தேன். இரண்டு கிழமையாக இந்தச் சனியனைக் குளிப்பாட்டிச் சீனி ஊட்டி வளர்த்தது எதற்காக? துணியை இழுத்தெறிந்தேன். வெறுங்கையால் பிடித்தேன், இந்த முறை அருவருக்கவேயில்லை. பின்பக்கம் போய்ப் பலாமரத்துக்கு அப்பால் பள்ளத்துக்குள் எறிந்தேன். சொத்தென்று விழுந்தது. நல்ல சுகம்.

சாடியை மண் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். சேட்டுகளை வெயிலில் போட்டேன்.

பவானிக்கு என்ன சொல்லி அனுப்புவது?

ஒக்டோபர் 18, திங்கள்

மப்பு. மழை இல்லை. என்னுடைய நேரம் மட்டும் சரியில்லை.

காலை பஸ்ஸுக்கு ஓடும்போது ஹா. மறித்தார். மருமகனுக்குப் பெண்வீட்டாரே தெல்தெனியவில் வீடு கொடுத்துவிட்டார்களாம், அவன் வரவில்லையாம்.

"அனெக்ஸ் ஒங்களுக்குத்தான் தம்பி. புள்ளயையும் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பொலிஸ் பதிவுக்கு நானே வந்து கையெழுத்துப் போடுறன்."

அழுகை வந்தது. உண்மையாகவே. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள்:

"அது ஈக்கட்டும். எண்ட தாய் பழுதாப் போச்சு. புழு வச்சீக்கு. எங்கட ஊட்டாளுக்கு மனசே சரியில்ல. ஒங்கட சாடிலேந்து ஒரு குட்டி தாங்களே?"

ஐயோ சிவனே.

"இப்ப புளிச்சுக்கொண்டிருக்கு ஹாஜியார். குழப்பக் கூடாது. புதன்கிழமை தாறன்."

நாக்குக் கூசவில்லை. பஸ்ஸில் வேர்த்து ஊற்றியது. சொன்ன வாக்கை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம் போதும். தந்ததைக் குப்பையில் எறிந்தவனுக்கு யார் வீடு தருவார்கள்?

ஒக்டோபர் 19, செவ்வாய்

தூறல். ஒஃபீஸில் ஒவ்வொருவராகக் கேட்டேன்: தேயிலைக் காளான் இருக்கிறதா? மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசியில் தட்டெழுத்து வேலை செய்யும் செல்வி.

"எங்க வீட்ல இருக்குங்க சார்! அம்மா மூணு பானை வச்சிருக்காங்க. வாங்க, குடுப்பாங்க."

அரை நாள் லீவு. செல்வியோடு கெலிஓயா பஸ். வீடு ரோட்டிலிருந்து மேலே, படி ஏற வேண்டும். அவளுடைய தாய் உற்சாகமான மனுஷி. காளானைத் தூக்கிக் குழந்தையைக் காட்டுவதுபோல் காட்டினார். கறுத்துத் தடித்து, என்னுடையதை விட அசிங்கம்.

"சும்மா தூக்கிட்டுப் போகக்கூடாதுங்க. வாங்கிக்கிறவங்க இந்தப் பானைத் தண்ணிய இங்கயே ஒரு டம்ளர் குடிக்கணும். அப்பதான் உங்க வீட்ல தங்கும்."

"நான் வீட்டிலை போய்..."

"அது ஆகாதுங்க. குடிங்க."

செல்வி வேறு பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்தேன். வாழ்க்கையில் முதல் தரம். விபரம்: முதலில் புளிப்பு. பிறகு பழைய வினாகிரி. பிறகு கால் கழுவாதவனின் சப்பாத்து. நடுவில் ஒரு சவ்வுத்துண்டு, வழுக்கி, நான் தடுக்க முன்னரே இறங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர்.

"பாத்தீங்களா, உடம்புல உள்ள கெட்டதெல்லாம் வெளிய வருது" என்றார் தாய், மகிழ்ச்சியாக.

ஜாம் போத்தலில் காளான், மூழ்கும்வரை அதன் தண்ணீர். திரும்பும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சோதனை. எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் பையைத் திற என்றார்கள்.

"மே மொகக்த?" இது என்ன?

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தேத்தண்ணீர், மருந்து என்றேன். ஆமிக்காரப் பெடியன் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பிறகு போத்தலை என்னிடம் நீட்டினான்.

"பொன்ன." குடி.

மருந்தென்றால் குடித்துக் காட்டு. அவ்வளவுதான் அவன் நியாயம். முழு பஸ்ஸும் பார்த்தது. இரண்டு மிடறு. மூன்றாவதில் காளான் மூக்கில் முட்டியது. பெடியன் சிரிக்கவில்லை, அவனுக்கும் குமட்டியிருக்க வேண்டும். "யன்ன, யன்ன" என்று, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழும்பிப் போய் நின்றுகொண்டார். காளானின் வாடைக்கா, என் அட்டைக்கா என்று தெரியாது. இரண்டும் எனக்கு ஒன்றுதான் இப்போது.

ஒக்டோபர் 20, புதன்

நல்ல வெயில். போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹா. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கட புள்ளையில்லயே தம்பி. எங்கட வெள்ளை."

"தேயிலை மாத்தினனான் ஹாஜியார், அதாலை இருக்கும்..."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்: "எங்கட புள்ளயச் சனிக்கெழம கோழி திண்டுட்டு. பலாமரத்துக்குக் கீழ. நான் கண்டன்."

ஹா. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க. எனக்கு நின்ற இடம் வெடித்து உள்ளே போகாதா என்றிருந்தது.

"வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லீக்கலாமே தம்பி. ஒரு காளானுக்காகவா நான் ஊட்டக் கொடுக்காம உடுவன்?"

அவர் சொல்வது சரி. ஆனால் வீடு கேட்டு வாசல் வாசலாக நின்றவனுக்கு வேண்டாம் என்ற சொல் வாயில் வருவதில்லை, அது ஹா.வுக்குத் தெரியாது. கெலிஓயாவில் வாங்கினதை மட்டும் ஒப்புக்கொண்டேன். பூட்டின் திறப்பைத் தந்தார். அனெக்ஸ் கழுவினேன், பின்னேரம் முழுக்க.

ஒக்டோபர் 28, வியாழன்

மழை. வந்துவிட்டார்கள்!

வவுனியாவிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கியதும் அடையாளம் பிடிக்கவில்லை, சுதாவை. நெடுத்து, கழுத்தெலும்பு தெரிய. "அப்பா, குடை இல்லையோ?" என்றாள் முதல் சொல்லாக. பவானி என் சேட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பொத்தான் கழன்றுவிட்டது.

ஹா. வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும். கூடவே ஒரு சாடி. "கெலிஓயாப் புள்ளட குட்டி. இஷ்டமெண்டா வளருங்க, இல்லாட்டி கோழிக்குப் போடுங்க."

சிரித்தேன். வளர்ப்பேன் என்றேன். மனிதருக்குச் செய்ய வேறென்ன இருக்கிறது?

ஒக்டோபர் 29, வெள்ளி

விடியப் பனி. குசினியில் தேயிலைத் தண்ணீர் ஆற வைத்து, கோப்பையில் சீனி தட்டிக்கொண்டிருந்தேன். பவானி வந்து நின்றாள்.

"என்னத்துக்கப்பா இவ்வளவு சீனி?"

சாடியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். சீ என்பாள் என்று நினைத்தேன். என்னை விட அருவருப்புக்காரி, ஒரு மயிர் கிடந்தால் கோப்பையையே தள்ளிவிடுகிறவள்.

"இதுக்கோ? இந்தச் சவத்துக்கோ சீனி போடுறியள்?"

மேசையில் கொஞ்சம் சிந்தியிருந்தது. விரலை நாக்கில் நனைத்து, ஒற்றி ஒற்றி எடுத்து வாயில் வைத்தாள். முந்தித் தேத்தண்ணீருக்கு மூன்று கரண்டி போடுகிறவள்.

"அங்கை சுதாவுக்குக் காய்ச்சல் வந்த நேரம், வெறுந்தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கேட்டு நாலு வீடு ஏறினனான். கிடைக்கேல்லை."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"முந்தியும் செய்தனீங்களோ? குடிச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப?"

"ஊத்திப்போட்டன். பின் கானுக்குள்ளை."

அவள் கானைப் பார்த்தாள். பிறகு மேசையைத் துடைத்தாள், அதில் ஒன்றும் இல்லாதபோதும். ஒரு சொல் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நவம்பர் 5, வெள்ளி

மழை. சாடி புளித்துவிட்டது. சுதா ஒரு தம்ளர் குடித்தாள், முகம் சுளிக்காமல். "இன்னும் இருக்கோ அப்பா?" என்றாள். கொடுத்தேன்.

மிச்சம் எனக்கு. நூலும் சவ்வுமாக அடிமண்டி. பவானி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குமட்டியது. கண்ணீர் வந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.